மறுதபாலில் விலாசம் அனுப்பவும்

சிவகிரி,
8.6.2025

அன்பு முத்துவடிவுக்கு,

உன் மைனி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் என் தம்பியும் சுகமா? தம்பி பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறானா? எனக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்தால் அன்றைக்கு மட்டும் கேட்கிறது.

இன்லண்ட் லெட்டர் கேட்டதற்கு போஸ்டாபீசில் இருந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் என்ன செய்ய? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. தம்பி எடுத்தால், "வேலையா இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறான். கூடப் பிறந்தவன் குரல் எப்போது மாறுகிறது என்று எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். மகன் விஜயசங்கர் போன வாரம் திருநெல்வேலிக்கு எலுமிச்சம்பழ லோடு ஏற்றிக்கொண்டு போனவன், அப்படியே உன் மகள் அபர்ணாவின் ஆஸ்டலுக்கும் போயிருக்கிறான். கட்டிக்கொள்ளப் போகிறவன்தானே, பார்த்துவிட்டு வரலாம் என்று. அவள் லேப் வேலையை விட்டுவிட்டு ஆஸ்டலையும் காலி செய்துவிட்டாள் என்றார்களாம். அவளோடு தங்கியிருந்த குற்றாலத்துப் பிள்ளை, நர்ஸ் வேலை பார்ப்பாளே ரூபி, அவளும் இல்லையாம்.

உங்க அண்ணன் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான். ஆவணியில் நிச்சயம் என்று பேசி வைத்திருக்கிறோம். பிள்ளை எங்கே என்று எனக்கு மட்டுமாவது எழுது.

உன் மைனி,
நாச்சியார்


தென்காசி,
20.6.2025

அன்புள்ள மைனிக்கு,

முத்துவடிவு வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் நலமும் அண்ணன், மருமகன் நலமும் அறிய ஆவல். முட்டுக்கு ஒருமுறை தென்காசியில் டாக்டரைப் பார்க்கலாமே.

பதில் தாமதித்ததற்கு மன்னியுங்கள். பள்ளிக்கூடம் திறந்த நேரம், மூச்சுவிட முடியவில்லை. அபர்ணா ஒரு பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறாள். அங்கே போன் சரியாகக் கிடைப்பதில்லை. ரூபியைப் பற்றி எனக்குத் தெரியாது.

நிச்சயத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தால் நல்லது என்று நினைக்கிறோம். இவருக்கும் மின்வாரியத்தில் மழைக்காலம் முடியும்வரை லீவு கிடைக்காது. மருமகன் இதற்காக அலைய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சாரல் தொடங்கிவிட்டது. துணி காயவே மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
முத்துவடிவு


சிவகிரி,
29.6.2025

அன்பு முத்துவடிவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகம் தெரியவேண்டும். இப்போது உண்மையாகவே தெரியவேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என்ன பயிற்சி, எந்த ஊர், ஒன்றும் இல்லை. டீச்சர் எழுதுகிற கடிதமா அது?

விஜயன் நேற்று ஐந்தருவிக்குப் போயிருக்கிறான். அங்கே ரோட்டோரம் பழக்கடை போட்டிருக்கிறாளே ரூபியின் தாய் ரெபேக்காள், அவளிடம் விலாசம் கேட்டானாம். அவள் தெரியாது என்றாளாம். கூடைகளைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு வந்திருக்கிறான். வந்து என்னிடம், "எம்மா, அது சிநேகிதம் இல்ல. ரெண்டும் புருசன் பொண்டாட்டி மாதிரி குடும்பம் நடத்துதாளுவோ" என்று சொன்னான். ஆஸ்டலில் யாரோ சொன்னார்களாம். சொல்லும்போது அவன் உதடு துடித்தது. ஊரைக் கூட்டி நிச்சயம் பேசியவன் அல்லவா.

அன்று சாயந்திரம் உங்க அண்ணனும் அவனும் இன்னும் இரண்டு பேரும் உள்ளறையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் காப்பி கொண்டுபோனதும் பேச்சு நின்றுவிட்டது. தம்ளரை வாங்கும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் எல்லோர் போனிலும் பேச்சைப் பதிவு செய்கிற எதையோ போட்டு வைத்திருக்கிறான். அதனால் போனில் எதுவும் பேசாதே.

அவன் சொன்னது உண்மையா? உண்மையாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கே இருக்கிறாள் என்று சொல், நானே போய்க் கூட்டிவருகிறேன். என்னை மீறி யாரும் அவளைத் தொடமாட்டார்கள்.

உன் மைனி,
நாச்சியார்


தென்காசி,
9.7.2025

அன்புள்ள மைனிக்கு,

வணக்கம். இவருக்கு பிரஷர் ஏறி இறங்குகிறது. எனக்குத் தூக்கம் இல்லை. மற்றபடி நலம்.

நீங்கள் கேட்டது உண்மைதான். சித்திரை லீவுக்கு வந்திருந்தபோது, தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். "எம்மா, நான் விஜி அத்தானைக் கட்டமாட்டேன். யாரையும் கட்டமாட்டேன். ரூபி கூடத்தான் இருப்பேன்." சிநேகிதி என்றால் இருந்துகொள், அதற்கும் கல்யாணத்துக்கும் என்ன என்றேன். "சிநேகிதி இல்லம்மா" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவும் இல்லை, அவள் துருவுவதை நிறுத்தவும் இல்லை. இவரிடம் சொன்னபோது, "இனி அவ பேரை இந்த வீட்ல எடுக்காத" என்றார். அதிலிருந்து எடுக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஐந்தருவிக்குப் போனேன். உண்மையில் சண்டை போடத்தான் போனேன். சாரலில் அந்த அம்மாள் சேற்றில் கிடந்த மங்குஸ்தானைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அபர்ணா அம்மால்லா?" என்றாள். "எம் மவ உங்க மவளைக் கெடுத்துட்டான்னு கேக்க வந்தீகளா?"

"ஆமா. அதைத்தான் கேக்க வந்தேன்."

"கேளுங்க. கேட்டு முடிச்சிட்டு அந்தக் கூடையை ஒரு கை பிடிங்க."

கூடையைப் பிடித்தேன். நசுங்காததைத் துடைத்து அடுக்கும்போது அவளாகவே சொன்னாள். "தெனமும் ஜெபம் பண்ணுதேன் டீச்சர். முதல்ல என்ன கேக்கணும்னே தெரியல. பிள்ளை மாறணும்னு கேக்கவா, உசுரோட இருக்கணும்னு கேக்கவா? ரெண்டையும் சேத்துக் கேட்டா ஆண்டவருக்கே குழப்பமாயிரும்னு தோணிச்சு. இப்ப ரெண்டாவதை மட்டும் கேக்குதேன்."

மைனி, அபர்ணா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்று கேட்டுவிட்டுத்தான் சொல்லுவேன். கேட்பது நீங்களா, உங்கள் பின்னால் நிற்கிறவர்களா? வீட்டை விட்டுப் போன எங்கள் சின்ன அண்ணன் மகள் இசக்கியம்மாளையும் புத்தி சொல்லித்தானே திரும்பக் கூட்டி வந்தார்கள்? வந்த ஒரு வாரத்தில் காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் இன்றுவரை எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம்.

எழுதியது தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்துவடிவு


சிவகிரி,
24.7.2025

அன்புள்ள முத்துவடிவு அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நடந்ததை எல்லாம் மறந்துவிட்டோம். என் கணவரும் மகனும் மிகவும் நல்ல மனதுடன் இருக்கிறார்கள். திருமணத்துக்கு அபர்ணாவை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆடி மாதத்துக்கு அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்திருக்கிறோம். அதை அனுப்பிவைக்க வேண்டும். எனவே அபர்ணாவின் தற்போதைய விலாசத்தை மறுதபாலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
நாச்சியார்


தென்காசி,
30.7.2025

அன்புள்ள மைனிக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம்.

உங்கள் கடிதம் கண்டு மனம் நிம்மதி அடைந்தது. அண்ணனுக்கும் மருமகனுக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். சரியான விலாசம் என்னிடம் இல்லை. பெங்களூரில், மடிவாளா பக்கம் லேடீஸ் ஆஸ்டல் ஒன்றில் இருப்பதாக அவளுடைய தோழி ஒருத்தி சொன்னாள். பெயர் தெரியவில்லை.

உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? இந்தத் தடவை அதைப்பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே. "தம்பி எப்படி இருக்கிறான்" என்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
முத்துவடிவு


சங்கரன்கோவில்,
7.8.2025

அன்பு வடிவுக்கு,

நீ சுகமா? தம்பி சுகமா? அவன் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எனக்கு முட்டு வீங்கித்தான் கிடக்கிறது, நீ கேட்டாயே, அதற்காகச் சொல்லுகிறேன்.

ஆடித் தபசுக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட வந்த பிள்ளைகள் கடை பார்க்கப் போயிருக்கிறார்கள். அதனால்தான் உன் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுகிறேன்.

நீ ஆனி மாதம் எழுதிய கடிதம் என் கைக்கு வரவில்லை. உங்க அண்ணன் கைக்குப் போயிற்று, என் முன்னால் சத்தமாக வாசித்தார். இசக்கியம்மாள் பெயரை வாசித்ததும் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுது என்றார். பட்டுப்புடவை எதுவும் இல்லை. நான் வேண்டுமென்றேதான் தம்பியைப் பற்றிக் கேட்காமல் விட்டேன். நீ புரிந்துகொண்டாய். உன் பதிலை நம்பி இரண்டு வண்டியில் பெங்களூர் போயிருக்கிறார்கள்.

ஆனால் வெறும் கையோடு வந்தால் சும்மா இருக்கமாட்டார்கள். அடுத்தது என்ன என்றும் பேசிவிட்டார்கள். மகளைக் காணோம் என்று தம்பியை வைத்துப் புகார் கொடுப்பது. போலீஸ் தேடிப் பிடித்து, தகப்பனிடம் ஒப்படைக்கும். தகப்பனிடமிருந்து இவர்கள் வாங்கிக்கொள்வார்கள். வண்டி வெளியே நிற்கும். தம்பியைக் கையெழுத்துப் போடவிடாதே.

நீ எழுதியது தப்பில்லை. இசக்கியம்மாளைக் குளிப்பாட்டியது நான்தான். அந்தப் பிள்ளை காய்ச்சலில் போகவில்லை. கழுத்தில் தடம் இருந்தது. மஞ்சளைக் கனமாக அப்பு என்று பின்னால் நின்று யாரோ சொன்னார்கள். அப்பினேன்.

இனி வீட்டுக்கு எழுதாதே. எனக்கு ரவிக்கை தைக்கிற முகம்மது யூசுப், சிவகிரி பஜார், என்று போடு. நல்ல மனுஷன். கேள்வி கேட்கமாட்டார்.

உன் மைனி,
நாச்சியார்


தென்காசி,
19.8.2025

அன்புள்ள மைனிக்கு,

நீங்கள் நலமாக இருக்கவேண்டும். இதை வெறும் வழக்கத்துக்காக எழுதவில்லை.

உங்கள் கடிதம் பள்ளிக்கூடத்தில் என் கையில் கிடைத்த அன்றைக்கே நான் வீடு திரும்பும்போது வாசலில் அண்ணனின் வண்டி நின்றது. உள்ளே அவரும் மருமகனும். எழுதித் தயாராகக் கொண்டுவந்த புகார் மேஜைமேல். இவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"காப்பிக்குப் பாலு பொங்குதா பாருங்க" என்று இவரை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். முடித்ததும், "அக்கா கையெழுத்துத்தான்" என்றார். அடுப்பைப் பற்றவைத்து அதை எரித்தார். சாம்பலைத் தொட்டியில் கழுவிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

"அத்தான், நான் இதுல கையெழுத்துப் போடல."

"ஏன் மாப்ளே?"

"எம் மவ காணாமப் போகலியே. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியாது, மைனி. அதுவரை அவரிடமும் நான் சொல்லவில்லை. ஆமாம், எனக்குத் தெரியும். உங்களிடம் பொய்தான் எழுதினேன். மருமகன் எழுந்து வந்து இவர் சட்டையைப் பிடிக்கிற மாதிரி நெருங்கி நின்றான். "எங்க மாமா?" என்றான். அண்ணன்தான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். படியிறங்கும்போது திரும்பி, "மழைக்காலம் மாப்ளே. கரண்டுக் கம்பத்துல ஏறுதவன் சூதானமா இருக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

இவர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். எந்த ஊர், என்ன வேலை என்று ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். "பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுதாளா?" என்றார். அது ஒன்றுதான்.

எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்கும் நான் சொல்லப் போவதில்லை. கோபப்படாதீர்கள்.

முத்துவடிவு


சிவகிரி,
2.9.2025

அன்பு வடிவுக்கு,

சுகம். நீங்கள் சுகமா?

யூசுப் கடையில் நின்றே எழுதுகிறேன். சொல்லாதே. எனக்குத் தெரியவே வேண்டாம். அடித்துக் கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று என்மேல் எனக்கே பயமாக இருக்கிறது.

தம்பியைக் கம்பத்தில் ஏறவிடாதே. காலில் விழுந்தாவது லீவு போடச் சொல்.

ரூபி அவளை மயக்கிக் கடத்திக்கொண்டு போய்விட்டாள் என்று உங்க அண்ணனே புகார் கொடுத்துவிட்டார். போலீஸ் இரண்டு பேரையும் வரச் சொல்லும். அவர்கள் வருகிற நாளுக்காக இங்கே காத்திருக்கிறார்கள். தனியாக வரவிடாதே. யாராவது படித்தவர்களை, சட்டம் தெரிந்தவர்களைக் கூட வைத்துக்கொள்.

தெருமுனையில் விஜயனோடு திரிகிற பையன் நிற்கிறான். நான் ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

நாச்சியார்


தென்காசி,
21.9.2025

அன்புள்ள மைனிக்கு,

வணக்கம். இவர் நலம். லீவில் இருக்கிறார். அபர்ணா நலம், ரூபி நலம். இந்த இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுவது இதுதான் முதல்முறை.

நீங்கள் சொன்னபடியே திருநெல்வேலியில் ஜோதிலட்சுமி என்ற வக்கீலைப் பார்த்தோம். "ரெண்டு பேரும் மேஜர். ஒளிஞ்சா சந்தேகம் வரும். நாமளே கொண்டுபோய் நிறுத்துவோம். ஆனா அப்பா அம்மா கூட நிக்கணும். எத்தனையோ கேசுல நான் மட்டும்தான் நின்னுருக்கேன்" என்றார்.

ரெபேக்காளும் நாங்களும் போனபோது போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே அண்ணனின் வண்டியும் இன்னொரு வண்டியும் நின்றன. நான் அவற்றைப் பார்க்காமல் நடக்க முயன்றேன். என் செருப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது, உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

அபர்ணா இளைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ரூபியின் பின்னால் ஒதுங்கினாள். இவரைத் தாக்கியது அதுதான் என்று நினைக்கிறேன். பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்து இன்னொருத்தியின் பின்னால் ஒளிகிறது.

சொந்த விருப்பத்தில் போனோம் என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்த ஏட்டு ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "அப்பாவா? பிள்ளைக்கு நாலு புத்தி சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார்."

இவர் எழுந்து நின்றார். "நான் கூட்டிட்டுப் போக வரல சார். அதுக போற எடத்துக்குப் பத்திரமாப் போகணும். அதைச் சொல்லத்தான் வந்தேன். என் வாக்குமூலத்தையும் எழுதிக்கோங்க." ரெபேக்காளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "என்னோடதையும் எழுதுங்க ஐயா. எம் மவ யாரையும் கடத்தல. கடத்துனா இந்த அம்மா எங்கூட ஒரே பெஞ்சில உக்காந்திருப்பாகளா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் தினமும் பேசுகிற நானும் எழுந்து நின்றேன். "இவ என் மக. இவ அவளோட இருக்கவ. ரெண்டு பேரும் எங்களுக்கு வேணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர், "சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.

வெளியே வந்தபோது அண்ணனின் வண்டி எங்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகளை வக்கீலின் காரில் ஏற்றிவிட்டு இவர் முன்னால் போய் நின்றார்.

"பொட்டப்பிள்ளைய இப்படித் தெருவுல விட்டுட்டியே, நீயெல்லாம் ஒரு அப்பனாலே?" என்றார் அண்ணன்.

"அப்பன்தான் அத்தான். அதனாலதான் இங்கன நிக்கேன். வண்டிய எடுங்க."

மருமகன் உள்ளே இருந்து எஞ்சினை உறுமவிட்டான். இவர் விலகவில்லை. ஸ்டேஷன் வாசலுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தபிறகுதான் வண்டி பின்வாங்கியது.

பிள்ளைகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உங்களிடமிருந்து இருபது நாளாக ஒரு வரியும் இல்லை. உடனே எழுதுங்கள்.

முத்துவடிவு


தென்காசி,
19.10.2025

அன்புள்ள மைனிக்கு,

நலமா? நலமா என்று கேட்டு எத்தனை கடிதம் போட்டுவிட்டேன். நீங்கள் கடைக்கு வந்தே ரொம்ப நாளாயிற்று என்று யூசுப் பாய் சொல்லியனுப்பினார். வீட்டுக்குப் போன் அடித்தால், "அம்மா தூங்குதா" என்று மருமகன் வைத்துவிடுகிறான். எப்போது அடித்தாலும் தூங்குகிறீர்கள்.

நாளை தீபாவளி. எங்கள் தெருவில் யாரும் எங்களுக்குப் பலகாரம் கொடுத்துவிடவில்லை. போன வாரம் யாரோ வாசல் கதவில் சாணியை எறிந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கேட்கும்படியாகப் பேசுகிறார்கள். போகட்டும்.

ஒன்று சொல்லவேண்டும். ரெபேக்காளின் கடைக்கு ஒருவர் இரண்டு நாள் வந்து கொய்யாப்பழத்தை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமலே போனாராம். மூன்றாம் தடவை, "அந்த ஸ்டேஷனுக்கு வந்த அம்மா நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார். கடையத்துக்காரர், பலவேசம் என்று பெயர். மகன் முத்துக்குமரனுக்கும் அபர்ணாவைப் போலத்தான். பையனின் பெரியப்பா அவனை ஏதோ வைத்தியம் என்று எங்கேயோ அடைத்துவைக்கப் போகிறாராம். "எனக்கு எங்கண்ணனை எதுத்துப் பேசிப் பழக்கமில்ல" என்று அழுதிருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் அவரோடு கடையத்துக்குப் போனோம். இவர்தான் பேசினார். இவர் பேசுவதைப் பார்க்க எனக்கே யாரோ மாதிரி இருந்தது. அந்தப் பையன் இப்போது வீட்டில் இருக்கிறான். இன்னும் இரண்டு பெற்றோர் பழம் வாங்குவதுபோல் வந்து போயிருக்கிறார்கள்.

ஊரார் பிள்ளைக்காகப் போய் நிற்கிறோம். உங்களுக்காக ஏன் போகவில்லை என்று இவர் நேற்று கேட்டார். வருகிற ஞாயிறு காலையில் வருகிறோம். சந்து வழியாக இல்லை, முன்வாசலுக்கு. வக்கீலும் வருகிறார்.

இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். அண்ணன், நீங்கள்தான் முதலில் வாசிப்பீர்கள் என்று தெரியும். வாசியுங்கள்.

முத்துவடிவு


தென்காசி,
17.11.2025

அன்பு அபர்ணாவுக்கு,

உன் அத்தை எழுதுவது. நீ சுகமா? ரூபி சுகமா? அவளுக்கு நைட் டூட்டி என்று உன் அம்மா சொன்னாள். பகலில் தூங்கவிடு, எழுப்பாதே.

நான் இப்போது உன் அறையில்தான் இருக்கிறேன். அன்றைக்கு உன் அப்பா, அம்மா, ரெபேக்காள், வக்கீலம்மா, கடையத்துப் பலவேசம் எல்லோரும் வந்து முன்வாசலில் நின்றார்கள். தெருவே கூடிவிட்டது. உன் மாமா வெளியே வரவில்லை. நான் பின்கட்டு அறையில் இருந்தேன். ஒன்றரை மாதமாக அந்த அறைதான். உன் அப்பா வாசலில் நின்று, "எக்கா! ஏ நாச்சியாக்கா!" என்று கூப்பிட்டான். சின்னப் பிள்ளையில் கூப்பிட்டது மாதிரி.

பூட்டைத் திறந்தது விஜயன்தான். ஏன் திறந்தான் என்று எனக்குத் தெரியாது. ஊர் பார்க்கிறதே என்றா, அம்மா என்றா, எதுவோ. என் முகத்தை அவன் பார்க்கவில்லை. அவனை நீ மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். பெற்றவள் என்பதால் அவனைப் பற்றி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்களைப் பற்றி எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ரெபேக்காளிடம் கேட்டேன். "எனக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்? பிள்ளை சிரிக்குதாளான்னு பாத்தேன், சிரிக்கா. அதுபோதும்னு விட்டுட்டேன்" என்றாள். உன் அப்பா சாயந்திரம் ஆனால் இப்படிப் பிள்ளைகளைப் பெற்ற யார் வீட்டுக்காவது போய்ப் பேசிக்கொண்டிருக்கிறான். போகும்போதெல்லாம் உன் அம்மா ஜன்னலில் நிற்கிறாள். திரும்பி வருகிறவரை நானும் நிற்கிறேன். அந்த வண்டி இந்தத் தெருவில் இரண்டு தடவை மெதுவாகப் போயிற்று. பயம் போய்விட்டது என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. வக்கீலம்மா சொல்லும்வரை இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

இசக்கியம்மாளை நீ பார்த்திருக்கிறாய், உன் பூப்புனித நீராட்டுக்கு வந்து ஆடிக்கொண்டு திரிந்தாளே. அவளுக்காக ஒரு அப்பாவோ அம்மாவோ எங்கேயும் போய் நிற்கவில்லை. அவளைக் கடைசியாகத் தொட்டவள் நான். நான் பார்த்ததை எல்லாம் வக்கீலம்மா எழுதி எடுத்துக்கொண்டார். அதை இன்றைக்குக் கோர்ட்டில் என் வாயால் சொல்லவேண்டுமாம். அந்தக் கோர்ட் சிவகிரியில் இருக்கிறது. உன் மாமா தினமும் கடந்துபோகிற ரோடு.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று விடிந்ததிலிருந்து இரண்டு தடவை உன் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "உன் இஷ்டம்க்கா. நீ வரலைன்னாலும் எனக்கு நீ அக்காதான்" என்றான். அதற்குப் பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

உன் அம்மா லீவு போட்டிருக்கிறாள். ரெபேக்காள் கடையைச் சாத்திவிட்டு வந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். உன் அப்பா காரைத் திருப்பி நிறுத்திவிட்டான், கூப்பிடுகிறான்.

போய்விட்டு வருகிறேன்.

உன் அத்தை,
நாச்சியார்